பா ஹான் நிரப்பிய பானைகள்

ஷம்சுதீன் என்ற பெயரை டோ ஓன் செய்ன் முதன்முதலாகக் கேட்டது ஒரு போனிலிருந்துதான். மழைக்காலத்தில் ஒரு காலை. மொகிங்கா அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கடைப் பலகையில் ஏழெட்டுப் பேர் குனிந்து உட்கார்ந்து மீன்குழம்புச் சேவையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு படகுக்காரன் போனைத் தேநீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். போனுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல நிதானமாக, “ஷம்சுதீன் என்கிற இந்த ஆள்” என்றது.

“யாருடா அது ஷம்சுதீன்?” என்று கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள் ஓன் செய்ன்.

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே பெரியம்மா. எதிர்ல இருக்காரே, தண்ணிப்பானை பா ஹான். அவருதான்.”

“போடா. அவரு பேரு பா ஹான்.”

“அது நமக்குச் சொல்ற பேரு. அவங்க பேரு இது. பாருங்க, அட்டையே போட்டிருக்கான்.”

ஓன் செய்னுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் வார்டு ஆபீசில் வைத்திருக்கும் குடும்ப அட்டையின் படம் அது என்று பார்த்ததும் தெரிந்தது. அந்த அட்டை அலமாரியை விட்டு எப்படி வெளியே போனது என்பதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடம் எதிரெதிரே இருந்தவர்கள். அவருடைய மனைவியை இவள் தன் கையால் குளிப்பாட்டிப் பாடையில் வைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவருக்கு இன்னொரு பெயர் இருப்பது இவளுக்குத் தெரியாமல், யாரோ ஊர்பேர் தெரியாத குரலுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் முதலில் சுருக்கென்று பட்டது.

பா ஹானின் அப்பா ஐராவதியில் ஓடிய நீராவிக் கப்பலில் எஞ்சின் அறைக்காரர். அந்த அப்பாவின் அப்பாதான் கடல் தாண்டி வந்தவர். அம்மா இந்த ஊர்க்காரி, கரும்பாலைத் தெரு டோ சோவின் மூன்றாவது மகள். ஞவுங்கோன் என்ற இந்த ஊரின் படகுத்துறையிலேயே பிறந்து, அங்கேயே பிரம்புப் பந்து உதைத்து, அங்கேயே படகு மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகை போட்டவர் பா ஹான். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கையை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, சந்தைக்குப் பின்னாலிருந்த சின்னப் பள்ளிவாசலுக்குப் போவார். அங்கே அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை.

மனைவி யின் மே அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளையின் மகள். விகாரைக்குப் போகிறவள். கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு தாய்மாமன் மட்டும் வந்தார், அவரும் சாப்பிடாமல் போனார். இரண்டு பேரும் அவரவர் சாமியை அவரவர் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வருடம் ஓட்டினார்கள். ஒரே மகள், சபே. சபேக்கு நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பதாக யின் மே நேர்ந்துகொண்டாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் மரச்சட்டம், அதில் இரண்டு மண்பானை, மேலே தகரக் கூரை, பானை மூடிமேல் கவிழ்த்த டம்ளர். சட்டத்தில் ஒரு பலகை. அதில் ‘ஊ பா ஹான் – டோ யின் மே, மகள் சபே’ என்று, ஊ, டோ என்ற மரியாதை அடைமொழிகளோடு, பச்சைப் பெயின்டில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வருடமும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் அந்த எழுத்துக்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள்.

யின் மே வயிற்றில் கட்டி வந்து படுத்தவள். கடைசி நாளில் அவரைப் பார்த்து, “பானை வறண்டுடக் கூடாதுங்க” என்று மட்டும் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்போது பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தது ஓன் செய்ன்தான்.

அன்றிலிருந்து ஒன்பது வருடம். சாயங்காலம் ஆனால் தோளில் காவடித்தண்டு, இரண்டு பக்கமும் தகரடின், ஆற்றுக்கு இறங்கி ஏறுவார். மழைக்காலத்து ஐராவதித் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கும். பானையை நிரப்பி, ஒரு படிகாரக் கட்டியை எடுத்து, பானையின் உள்பக்கம் ஏழு சுற்றுத் தேய்ப்பார். காலையில் மண்டியெல்லாம் அடியில் தங்கி, மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும். அந்தப் படிகாரம் ஓன் செய்ன் தருவது. சந்தையில் மீன் வாங்கப் போகும்போது மாதம் ஒரு கட்டி வாங்கி வருவாள். அந்தத் தர்மத்தில் தன் பங்காகவும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அவளே ஏற்றுக்கொண்டது.

கட்டியை வெளியே வைத்தால் முடிவெட்டுகிறவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று, துணியில் சுற்றிக் கைலி மடிப்பில் செருகி வைத்திருப்பார் பா ஹான். இன்னொரு பழக்கமும் உண்டு. குனிவதற்கு முன்னால் தெருவின் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். பல வருடங்களுக்கு முன்னால் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து இடித்துத் தள்ளியது. அதிலிருந்து வந்த பழக்கம்.

ஓன் செய்னின் கணவன் இறந்து இருபது வருடம். பிள்ளையில்லை. காலையில் கடை, மதியம் தூக்கம், சாயங்காலம் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளில் அவள் மனம்விட்டுப் பேசுவது அந்த நேரத்தில்தான்.

“என்னண்ணே, இன்னைக்கு ஆத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்க போல.”

“உன் குழம்பைக் குடிச்சவன் எல்லாம் நேரா இங்கதானே ஓடி வர்றான். உப்பைக் கொறை, நான் ஒரு நடை கொறைக்கிறேன்.”

“உப்பு கொறைஞ்சா உங்க தர்மம் கொறைஞ்சு போகும். யின் மே அக்கா என்னைத்தான் திட்டும்.”

“அவ உன்னைத் திட்ட மாட்டா. என்னைத்தான் திட்டுவா, பழகின வாய்.”

வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டிச் சிரிப்பார். இவ்வளவுதான் பேச்சு. அது போதுமாக இருந்தது.

சிம் கார்டு விலை திடீரென்று விழுந்த வருடம் அது. அதுவரை ஊரில் நாலே நாலு பேரிடம் இருந்த போன், ஒரே மழைக்காலத்தில் மாட்டுக்காரன் கை வரைக்கும் வந்துவிட்டது. ஓன் செய்னின் தம்பி மகள் தின்ஸா படகுத்துறையில் போன் கார்டு விற்கும் பெட்டிக்கடை வைத்தாள். இருபத்திரண்டு வயது, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தை வட்டம் வட்டமாகப் பூசியிருப்பாள், மார்கழியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையன் ஆற்றின் கீழ்ப்பக்கம் இரண்டு நாள் தூரம். பகல் முழுவதும் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து போனைத் தேய்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. பூவைப் படம் எடுத்துப் போடுவாள், மூன்று பேர் பார்ப்பார்கள். மேகத்தைப் போடுவாள், இரண்டு பேர்.

ஒருநாள் சாயங்காலம் பெட்டிக்கடை ஜன்னல் வழியாகப் பா ஹானைப் படம் பிடித்தாள். கெட்ட எண்ணத்தில் அல்ல, கைக்கு எட்டிய தூரத்தில் அசைந்தது அவர் ஒருவர்தான். படத்தில் என்ன தெரிகிறது? கறுத்த ஒரு கிழவர் இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், இடுப்பு மடிப்பிலிருந்து வெள்ளையாக எதையோ எடுக்கிறார், பானைக்குள் கைவிட்டுத் தேய்க்கிறார், மறுபடி மடித்துச் செருகிக்கொள்கிறார். தின்ஸா வீட்டில் பாட்டில் தண்ணீர் வந்து பத்து வருடமாகிறது. அவளுக்குப் படிகாரம் என்றால் அப்பா முகம் மழித்துவிட்டுத் தடவிக்கொள்வது. படத்துக்கு மேலே, ‘எங்கள் தெருத் தண்ணீர்ப் பானையில் தாத்தா என்னவோ போடுகிறார். என்னவாக இருக்கும்?’ என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றையும் வைத்தாள்.

‘இனம் காக்கும் பிள்ளைகள்’ என்று ஒரு பக்கம். அதை நடத்துகிறவர்கள் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். சிரிக்கிற முகம் போய்விட்டது. ‘நம் பெண்களின் கருப்பையை அடைக்கும் மருந்து’ என்று மேலே வந்தது. மூன்றாம் நாள் பெயரும் அட்டையும் வந்தன. அதைத்தான் படகுக்காரன் கூஜாமேல் சாய்த்துப் பார்த்தது.

ஓன் செய்ன் அடுப்பை அணைக்காமலே தின்ஸாவின் பெட்டிக்கடைக்குப் போனாள்.

“ஏண்டி, அது படிகாரம்டி! நான் வாங்கிக் குடுத்தது!”

“எனக்கு எப்படித் தெரியும் அத்தை? நான் ஒண்ணும் சொல்லலியே. என்னன்னு கேட்டேன், அவ்வளவுதான். கேக்கறது தப்பா?”

“தெருவைத் தாண்டி வந்து அவர்கிட்ட கேக்க வேண்டியதுதானே?”

 தின்ஸா தலையைக் குனிந்துகொண்டு, “ஒரே நாள்ல முந்நூறு பேர் எங்கிட்ட பேசினாங்க அத்தை. நல்ல காரியம் பண்ணினே தங்கச்சின்னு சொன்னாங்க” என்றாள்.

“அதை எடு. இப்பவே எடு.”

“என்னோடதை நேத்தே எடுத்துட்டேன். அவங்ககிட்ட இருக்கறதை நான் எப்படி எடுக்கறது?”

பா ஹானிடம் பெரிய போன் இல்லை. மகளோடு பேச ஒரு பட்டன் போன் மட்டும்தான். அவருக்கு முதலில் சேதி சொன்னது பானைதான். அன்று சாயங்காலம் தகரடின்னோடு வந்தவர் மூடியைத் திறந்து பார்த்து நின்றுவிட்டார்.

“தங்கச்சி, தண்ணி அப்படியே இருக்கே. இன்னைக்குப் படகு வரலியா?”

“வந்துதுண்ணே.”

“இறங்கினவங்களுக்குத் தாகம் இல்லியா?”

ஓன் செய்ன் வாழைத்தண்டு நறுக்குவதை நிறுத்தவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தெரியும். ஆனால் எந்த வார்த்தையில் தொடங்குவது? இவர்கள் உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள் என்று சொல்லலாம். உங்களுக்கு இன்னொரு பெயர் இருப்பதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாள். அவர் சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“அது எங்கப்பா வெச்ச பேரு. பா ஹான் எங்கம்மா வெச்சது. அம்மா கூப்பிட்டதையே நீங்க எல்லாரும் கூப்பிட்டீங்க. நான் ஒளிச்சு வெக்கலியேம்மா. யாரும் கேக்கல.”

பிறகு பழைய தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு, ஆற்றுக்கு இறங்கிப் புதுத்தண்ணீர் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குனிந்து தேய்த்தார். அப்படிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று ஓன் செய்னுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் மோட்டார் பழுதுக்கு யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் தெருவின் மறுபக்கமாக நடத்திக்கொண்டு போனார்கள் தாய்மார்கள். ஒருத்தன் டம்ளரைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தான். பா ஹான் வேறு டம்ளர் வைத்தார். ‘கலா’ என்று காதுபடச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த மண்ணில் அது ஒருத்தரை அந்நியன் என்று முகத்தில் துப்புகிற சொல். இந்த ஊரிலேயே பிறந்த எழுபது வயது மனுஷனை நேற்று வந்த பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டார்கள். மண்டலேயில் கல்யாணமாகிப் போயிருந்த மகள் சபே தினமும் போனில் பேசினாள். அவர் பேசுவது எதிர்ப்பக்கம் வரை கேட்கும்.

“நான் வந்துட்டா பானையை யாரும்மா பாப்பா... உங்கம்மாகிட்ட சொல்லிட்டேனே... இல்லம்மா, ஒண்ணும் ஆகாது, எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பசங்க.”

ஓன் செய்ன் ஒரு முடிவுக்கு வந்தாள். தின்ஸாவை இழுத்துக்கொண்டு வந்து பானைமுன்னால் நிறுத்தினாள். “எந்தப் போன்ல ஆரம்பிச்சுதோ அதே போன்ல முடி. புடி படம்” என்றாள். தலையைச் சீவி, நல்ல மேல்சட்டை போட்டிருந்தாள். படிகாரக் கட்டியை உயர்த்திக் காட்டி, போனைப் பார்த்துப் பேசினாள். “நான் மொகிங்கா ஓன் செய்ன். இதை அவருக்கு நான்தான் குடுத்தேன். ஒன்பது வருஷமா குடுக்கறேன். இது படிகாரம். உங்க பாட்டிகள் எல்லாம் இதைப் போட்டுத்தான் தண்ணி குடிச்சாங்க. வேணும்னா சந்தையில போய்ப் பாருங்க.” தின்ஸா ஒழுங்காகத்தான் பிடித்தாள், ஒழுங்காகத்தான் போட்டாள். அதில் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் மதியம் அந்தப் பக்கத்தில் ஓன் செய்னின் முகம் வந்தது. பேச்சை வெட்டியிருந்தார்கள். கையில் வெள்ளைக் கட்டியோடு, “இதை அவருக்கு நான்தான் குடுத்தேன். ஒன்பது வருஷமா குடுக்கறேன்” என்று மட்டும் சொன்னாள். அதோடு முடிந்தது. கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். தின்ஸா வாசித்துக் காட்டவில்லை. வார்டு தலைவர் ஊ கீ லா வாசித்துக் காட்டினார்.

“இனத்தை வித்தவள்னு எழுதியிருக்கான். எவ்வளவு வாங்கினாள்னு கேக்கறான். ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? சும்மா இருந்தா நாலு நாள்ல அடங்கியிருக்கும்.”

“அவரு சும்மாதானே ஐயா இருந்தாரு? அடங்கிச்சா?”

ஊ கீ லா போலீசுக்குச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது வந்தார்கள். ஒரு சின்ன லாரி, பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள். பாதிப்பேர் ஊருக்குப் புதுசு, நெற்றியில் துணி கட்டியிருந்தார்கள். மீதிப்பேரைத்தான் ஓன் செய்னால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அதோ கம்பு வைத்திருப்பவன் வலைக்கார டோ பூவின் நடுமகன் பெற்றவன். அவன் பிறந்த வாரத்தில் தாய்க்குப் பால் சுரக்கவில்லை என்று இவள்தான் மீன் ரசம் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இதோ கல் வைத்திருப்பவன் அவளுடைய பெரியப்பா பேத்தி வீட்டுப் பையன், ஸீ தூ. நேற்றுக் காலையில்கூட இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனான். ஆலமரத்தடியில் மூன்று போலீசார் நின்றார்கள். ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பா ஹான் கொட்டகையிலிருந்து வந்து பானைச் சட்டத்துக்கு முன்னால் நின்றார். கையில் ஒன்றுமில்லை. ஓன் செய்ன் தெருவைக் கடந்து ஓடினாள். இத்தனை வயதில் ஓடுவாள் என்று அவளுக்கே தெரியாது. டம்ளரை எடுத்து, மூடியைத் திறந்து, மொண்டு குடித்தாள். இரண்டாவது டம்ளர். மூன்றாவது டம்ளர். தாடையிலிருந்து மார்பெல்லாம் வழிந்தது.

“பாத்தீங்களா? செத்தேனா? விஷமா இது?”

 கம்பு வைத்திருந்த ஒருத்தன் கம்பைக் கீழே ஊன்றினான். ஸீ தூதான் முதலில் வாயைத் திறந்தான்.

“விஷம்னு யாரு சொன்னா? இது புள்ள பெக்கறவளுக்கான மருந்து. கிழவி குடிச்சா என்ன ஆகும்? இவ என்னைக்குப் பெத்தா?”

சிரித்தார்கள். புதிதாக வந்தவர்களைவிடத் தெரிந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ஊரில் அந்த வார்த்தையை அவள் முகத்துக்கு நேரே அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் டம்ளரைக் கீழே விடவில்லை. நாலாவது தடவையாக மொண்டாள். கூட்டத்துக்கு ஓரத்தில், பெட்டிக்கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு தின்ஸா நின்றாள். ஓன் செய்ன் நேராக அவளிடம் போனாள்.

“நீ குடி.”

“அத்தை...”

“நீ சின்னப் பொண்ணு. மார்கழியில கல்யாணம். நீ குடிச்சா இவங்களால ஒண்ணும் சொல்ல முடியாது. இது படிகாரம்னு உனக்குத் தெரியும். நீதானே படம் புடிச்சே. ஒரு வாய், தின்ஸா. ஒரே வாய்.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பா ஹானும் பார்த்தார். தின்ஸா கையை நீட்டினாள், டம்ளரைத் தொட்டாள், விரலை இழுத்துக்கொண்டாள். அழ ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும் அத்தை. தெரியும். ஆனா நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை தள்ளிப்போனா என் மாமியா என்ன சொல்லுவா? இந்தப் படத்தை அவங்களும் பாத்துட்டுதானே இருப்பாங்க?”

அவளைச் சொல்லியும் என்ன? சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, எட்டாத பானையைக் கல்லின்மேல் ஏறி நின்று மொண்டு குடித்தவள்தான். அதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில் வரவில்லை.

“பாருங்கடா, சொந்தத் தம்பி மகளே தொட மாட்டேங்கறா!” என்று ஒருத்தன் கத்தினான். அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. முதல் கல் மூத்த பானையில் விழுந்தது. தண்ணீர் ஒரேயடியாகச் சரிந்து ஓன் செய்னின் காலைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. கொட்டகையில் பெட்ரோல் இருந்தது, பற்றவைக்க நேரமாகவில்லை. பா ஹான் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரை அதிலிருந்து பிரிப்பதற்காக அடித்தார்கள். ஒரு காதில் அன்று போன கேட்கும் சக்தி திரும்பவில்லை. போலீசார் அப்புறம்தான் மெதுவாக வந்து, அவருடைய பாதுகாப்புக்காக என்று சொல்லி, அவரை வண்டிக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

காதிலிருந்து ரத்தம் ஒழுக, வண்டியில் ஏறுவதற்கு முன்னால், இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ஏறினார்.

பதினோரு நாள் அவரை வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். சபே வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஊர் அமைதியானதும் தகவல் சொல்லுகிறோம், அதன்பிறகு வரலாம் என்று ஊ கீ லா சொன்னார். ஊர் அடுத்த வாரமே அமைதியாகிவிட்டது. தகவல் மட்டும் போகவில்லை. ஸீ தூ கடைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தான்.

“பெரியம்மா, வழக்கம்போல, முட்டை சேத்து.”

ஓன் செய்ன் அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தில் சேவையை வைத்துக் குழம்பை ஊற்றினாள். முட்டையும் சேர்த்தாள். வேறு என்ன செய்வது? விற்பது அவர்களுக்குத்தான், பக்கத்து வீடு அவர்கள்தான், நாளைக்குப் பாடை தூக்குவதும் அவர்கள்தான். ஆனால் அன்றோடு சாப்பிடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். உப்புப் போதுமா என்றுகூடக் கேட்பதில்லை. மார்கழியில் தின்ஸாவின் கல்யாணத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மறு வருடம் தின்ஸாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. மூன்றே கால் கிலோ. தம்பி வீட்டிலிருந்து சேதி வந்தபோது ஓன் செய்ன் மீன் ரசம் காய்ச்சிக் கொண்டுபோனாள். இரண்டு பேரும் குழந்தையைப் பற்றியே பேசினார்கள்.

பானை உடைந்த அந்த வருடமே, மழை விட்டதும் படகில் போய் இரண்டு புதுப்பானை வாங்கி வந்தாள். சட்டம் சாய்ந்திருந்ததே தவிர உடையவில்லை. கல் வைத்து நிமிர்த்தினாள். பலகையில் பாதி எழுத்துக் கருகிப் போயிருந்தது. அவளுக்கு எழுத வராது, அப்படியே விட்டுவிட்டாள். காவடித்தண்டு தோளில் நிற்காது என்பதால் சின்ன வாளியில் ஆறேழு நடை. ஏழு சுற்றுத் தேய்ப்பாள். மறுநாள் சாயங்காலம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மரத்தடியில் ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்புவாள். கொஞ்சம் தள்ளி, வார்டு ஆபீசின் பேரில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி வந்துவிட்டது. எல்லோரும் அதில்தான் குடித்தார்கள்.

அந்தக் குளிர்காலத்திலேயே மண்டலேக்குப் போனாள். சபேயின் வீடு மூன்றாவது மாடி. சபேயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். பா ஹான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். நல்ல காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்டையில் யாரும் வந்து பேசுவதில்லை என்றார். இங்கே தன் இரண்டு பெயரும் யாருக்கும் தெரியாது, அதனால் தொந்தரவில்லை என்றார். வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். மென்றார்.

“மொகிங்கா கொண்டுவந்திருக்கேண்ணே. உப்புக் கொறைச்சுதான் போட்டிருக்கேன்.”

“ஏன் கொறைச்சே? இங்கதான் குழாயைத் திறந்தா தண்ணி வருதே.”

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். பிறகு அவரே கேட்டார்.

“பானை?”

“நெறைச்சிருக்கேன். வறள விடலே.”

“படிகாரம்?”

“ஏழு சுத்து.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“தண்ணி கொறையுதா தங்கச்சி?”

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் சொன்னது பொய்யில்லை.

“கொறையுதுண்ணே. சாயங்காலம் பாத்தா கொறைஞ்சிருக்கும்.”

“எவ்வளவு?”

“ரெண்டு விரக்கடை இருக்கும்.”

 பா ஹான் கையை நீட்டி, அவள் கையைத் தட்டிக் கொடுப்பது போல நாற்காலிக் கையைத் தட்டினார்.

“புதுப்பானை வேர்க்கும்மா. ரெண்டு விரக்கடை வேர்வைக்கே போயிடும்.”

ஓன் செய்ன் சாயங்காலப் படகுக்குத் திரும்பிவிட்டாள், பானை நிரப்ப வேண்டியிருந்தது. ஊ பா ஹான் இப்போதும் மண்டலேயில், மகள் வீட்டு மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார்.